சபிதா சொன்னதும் சேனல் எழுதியதும்

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் காந்திபுரத்தில் இறங்கினேன். துடியலூர் பத்து கிலோமீட்டர். ஆட்டோக்காரர் முந்நூறு ரூபாய் கேட்டார். "மேட்டுப்பாளையம் ரோடு பூராவும் டிராபிக்குங்க" என்று அவர் பணிவாகச் சொன்னதே எனக்குச் சந்தேகமாக இருந்தது. நான் திருநெல்வேலிக்காரி; ரொம்ப மரியாதை கொடுத்தால் பையைத் தடவிப் பார்த்துக்கொள்வேன். டவுன் பஸ்ஸில் பதினைந்து ரூபாயில் போய்ச் சேர்ந்தேன்.

நான் பார்க்க வந்த கோகிலா அக்கா கல்லூரியில் எனக்கு மூத்தவர். வீட்டுக்குப் பின்னால் வரிசையாக நான்கு அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார். அதில் ஒன்றில் ஒடிசாவிலிருந்து வந்த சபிதா, கணவரோடு மூன்று வருடமாகக் குடியிருக்கிறாள். ஊரில் பாட்டியிடம் விட்டு வந்த மகளை அழைத்துக்கொள்ள, காலியாக இருந்த மாடி வீட்டைக் கேட்டிருந்தாள். அக்காவும் சரி என்றிருந்தார். "புள்ளய இங்கதானுங்க பள்ளிக்கூடத்துல சேக்கோணும்" என்று எனக்குக் காபி கொடுக்கும்போதே சபிதா சொல்லிவிட்டாள்.

பத்து மணிக்கு அக்கா வடவள்ளியில் ஒரு காதுகுத்துக்குக் கிளம்பினார். அந்த நேரத்தில்தான் ஏதோ இணையச் சேனலிலிருந்து இரண்டு பேர் கேமராவோடு வந்தார்கள். வெளிமாநிலத்தவர் வாழ்க்கையைப் படமெடுக்கிறார்களாம். சபிதா உற்சாகமாகத் தமிழில் ஆரம்பித்தாள்.

"தமிழ் வேண்டாங்க்கா. வடக்கத்தியாளுன்னே யாரும் நம்ப மாட்டாங்க. உங்க பாசையிலயே பேசுங்க. முக்காடும் போட்டுக்குங்க" என்றார் வந்தவர்களில் ஒருவர்.

"ஊட்டுல நானு முக்காடு போடறதில்லீங்களே."

"வீடியோவுக்குத்தானுங்க."

போட்டுக்கொண்டாள். ஒடியாவில் சிரித்துச் சிரித்துப் பேசினாள். அவர்கள் போனதும், என்ன சொன்னாய் என்று கேட்டேன். "மக வாரா, மாடி ஊடு கெடைக்கப்போவுது, அக்கா நல்லவங்கன்னு சொன்னேனுங்க" என்றாள்.

ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு அந்த வீடியோ அக்காவின் கைபேசிக்கே வந்து சேர்ந்தது. பேய்ப்படத்துக்குப் போடுகிற இசை. முக்காட்டுக்குள் சபிதா. அவள் சிரிப்பு ஒன்றுகூட இல்லை. கீழே தமிழில் மொழிபெயர்ப்பு ஓடியது: "எங்கள் ஆட்களை எல்லாம் கூட்டி வருவோம். மாடியும் இனி எங்களுடையது."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "பொய்க்கா! நான் பக்கத்தில் இருந்தேன். அவள் மகளைப் பற்றித்தான் சொன்னாள்."

"உனக்கு அந்தப் பாச தெரியுமா கண்ணு?"

"தெரியாது. அவளே சொன்னாள்."

"அப்ப அவ சொன்னதத்தான நீ சொல்ற" என்றார் அக்கா.

சபிதா வாசலிலேயே நின்றாள். "நானு அப்படிச் சொல்லலீங்க்கா. என்னைய உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"எங்கிட்டப் பேசறது வேற, உங்க பாசையில பேசறது வேறன்னு இப்பத்தான அம்மணி தெரியுது" என்றார் அக்கா. குரல் உயரவே இல்லை. "மாடி ஊடு வேற ஆளுக்குச் சொல்லிப்போட்டேன்."

திங்கள் காலை ஆறு மணிக்கு நான் கிளம்பும்போது, சபிதா குழாயடியில் நின்று மகளோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். மூன்று வருடமாக அந்தப் பேச்சு அக்காவின் காதில் விழாத நாள் இல்லை. இன்றைக்கு ஜன்னலோரம் ஒதுங்கி நின்று, "இப்ப என்னத்தச் சொல்றா?" என்று என்னிடம் கிசுகிசுத்தார். எனக்குக் கோபம்தான் வந்தது. சொல்லிக்கொள்ளாமலே படியிறங்கினேன்.

டவுன் பஸ்ஸில் பின் சீட்டில் இரண்டு இளைஞர்கள் ஏதோ மொழியில் பேசிச் சிரித்தார்கள். என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்களோ என்று நின்றபடியே திரும்பினேன். ஒருவன் சட்டென்று பேச்சை நிறுத்திவிட்டு, எனக்காக எழுந்து இடம் கொடுத்தான்.