டார்ச்சுக்குப் பின்னால் நின்றவள்

ஏரிக்காரருக்குச் சோறு போட்டது ஏரி அல்ல, மூக்குக்கண்ணாடி. கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து, வில்லைகளைச் சட்டத்துக்குத் தகுந்தபடி தேய்த்துப் பொருத்துவது அவர் வேலை. கடையில் அவர் மேசைக்கு மேலே ஒரு ஏரிப்படம் மாட்டியிருந்தார். அடுத்த வருடம் இன்னொன்று வந்தது. மூன்றாவதும் வந்தபோது கடை முதலாளி, "இதுல தண்ணி ஊத்தி மீன் விடலாம்யா" என்றார். அன்றிலிருந்து அவர் ஏரிக்காரர் ஆனார்.

படம் எடுக்க யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. பழைய கேமரா ஒன்றை வாங்கி, கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டார். வருடத்துக்கு ஒருமுறை பத்து நாள் விடுப்பு. வேனின் பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு மெத்தை போட்டு, அடுப்பு, கூடாரம், தண்ணீர்க் குடம் எல்லாம் ஏற்றிக்கொண்டு அவரும் மனைவியும் காட்டுப் பாதையில் கிளம்பிவிடுவார்கள். மனைவி வீட்டிலேயே தைப்பவள். வேன் ஜன்னல்களுக்குத் திரை தைத்தது, கேமரா முக்காலிக்கு உறை தைத்தது எல்லாம் அவள்தான்.

விடியலுக்கு முந்தைய அரையிருட்டில்தான் அவருக்குப் படம் வேண்டும். அந்த இருட்டில் கேமராவால் தூரத்துப் பாறையைக் கூர்மையாகப் பிடிக்க முடியாது. அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். மனைவி டார்ச்சோடு போய் அந்தப் பாறையில் நிற்பாள். டார்ச்சை நெஞ்சுக்கு நேராகப் பிடிப்பாள். அவர் அந்த வெளிச்சத்தைக் குறியாக வைத்துக் கூர்மை சரிபார்த்து, சோதனைக்கு ஒன்று எடுப்பார். பிறகு குரல் கொடுப்பார்.

"போதும், தள்ளிக்கோ."

"வரச்சொல்லும்போது மட்டும் ராணி, வேலை முடிஞ்சா தள்ளிக்கோவா? கொசுவுக்குக் காலைச் சாப்பாடே நான்தான். சீக்கிரம் எடுங்க."

அவள் திரும்பி வருவதற்குள் அவர் அந்தச் சோதனைப் படத்தை அழித்துவிடுவார். தொடக்கத்தில் மெமரி கார்டில் இடம் போதாது. பிறகு எவ்வளவோ பெரிய கார்டுகள் வந்தன. பழக்கம் போகவில்லை. குப்பையைச் சேர்க்கக் கூடாது என்பார். பத்தொன்பது வருடம் அப்படித்தான்.

மூளையில் ரத்தம் கசிந்து மனைவி இரண்டே நாளில் போய்விட்டாள். வெளியூரிலிருந்து வந்த மகள் ஒரு வாரம் கழித்துக் கேட்டாள்.

"அம்மா படம் ஒண்ணு குடுங்கப்பா. பெருசு பண்ணி மாட்டணும்."

"அதுக்கென்ன, இருக்கு. எடுத்துத் தரேன்."

நம்பித்தான் சொன்னார். கணினியில் பதினோராயிரம் படங்கள் இருந்தன. முதல் பயணத்திலிருந்து பார்த்துக்கொண்டு வந்தார். ஏரி, மூடுபனி, பைன் மரங்கள், ஏரி. ஓரிடத்தில் கூடாரத்தின் கயிறு வந்திருந்தது. இன்னோரிடத்தில் அவளுடைய சிவப்பு வாளி வந்ததை அவரே உட்கார்ந்து நேர்த்தியாகத் துடைத்து எடுத்திருந்தார். வாளி இருந்த இடத்தில் இப்போது புல் இருந்தது. அவள் எதிலும் இல்லை.

மகளின் போனில் இரண்டு இருந்தன. ஒன்றில் கூட்டத்துக்கு நடுவே பாதி முகம். இன்னொன்றில் கண்ணை மூடியிருந்தாள். மிச்சம் அடையாள அட்டைப் படம்தான்.

"இதுல அம்மா மாதிரியே இல்லப்பா. திருட்டுக் கேஸ்ல பிடிச்சிட்டு வந்த மாதிரி இருக்காங்க" என்று மகள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

ஏரிக்காரர் பழைய கார்டுகளை எல்லாம் ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு செல்போன் பழுதுபார்ப்பவரிடம் போனார். அழித்ததை மீட்கிற மென்பொருள் அவரிடம் இருந்தது.

"இதுமேலயே திரும்பத் திரும்ப எழுதியிருக்கீங்க சார். அடியில என்ன மிஞ்சியிருக்கும்னு சொல்ல முடியாது. எதைத் தேடணும்?"

"டார்ச் பிடிச்சிட்டு ஒரு அம்மா நிப்பாங்க."

நான்கு நாள் கழித்துக் கூப்பிட்டார். ஏழு படங்கள் மீண்டிருந்தன. ஆறில், கறுப்பின் நடுவே ஒரு வெள்ளை உருண்டை. டார்ச் நேராகக் கேமராவைப் பார்க்க, அதன் பின்னால் முகம் இருக்கும் இடம் முழு இருட்டு. கணினியில் வெளிச்சம் கூட்டி அந்த இருட்டை எவ்வளவு தூக்கினாலும் அங்கே மணல் மாதிரிப் புள்ளிகள்தான் வரும் என்று ஏரிக்காரருக்குத் தெரியும். இருந்தாலும் தூக்கிப் பார்க்கச் சொன்னார். புள்ளிகள்தான் வந்தன.

"ஃபோகஸ் ஊசி மாதிரி இருக்கு சார்" என்றார் பழுதுபார்ப்பவர், ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டுமே என்று.

ஏழாவது, கை தவறி முன்கூட்டியே அழுத்தியது. அவள் பாறைக்குப் போகும் வழியில் இருந்தாள். டார்ச் கீழ்நோக்கி இருந்தது. முகமில்லை. மடித்துவிட்ட கால்சட்டையும், கெண்டைக்கால் வரை கறுப்புத் தண்ணீரும், காலைச் சுற்றி வளையங்களும் தெரிந்தன.

"இவ எதுக்குத் தண்ணியில இறங்கினா?" என்று ஏரிக்காரர் கேட்டார். பழுதுபார்ப்பவருக்கு என்ன தெரியும்?

அது அவர்கள் வருடம் தவறாமல் போகும் ஏரி. கேமரா வைக்கும் இடத்திலிருந்து பார்த்தால் பாறை கரையோடு ஒட்டித்தான் இருக்கும். நடந்து போய் ஏறிக்கொள்ளலாம் என்றே தெரியும். பாதையைப் பார்க்கும் வேலை அவருக்கு வந்ததில்லை.

வேனை எடுத்துக்கொண்டு அந்த ஏரிக்கே கிளம்பினார். மகள் தனியாக விடவில்லை, கூடவே வந்தாள். கூடாரம் போட்டார்கள். விடியும் முன் முக்காலியை வழக்கமான இடத்தில் நிறுத்தினார்.

"நான் போய் நிக்கிறேன்பா."

"வேணாம். நீ இங்கயே இரு. நான் போறேன்."

புல்வெளி முடிந்ததும் கரையும் முடிந்தது. டார்ச்சை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிப் பார்த்தார். உலர்ந்த வழி எங்கேயும் இல்லை. பாறைக்கும் கரைக்கும் இடையே இருபதடிக்குத் தண்ணீர், அடியில் பாசி பிடித்த கற்கள். ஷூவைக் கழற்றி வெறுங்காலோடு இறங்கினார். முதல் கல்லிலேயே வழுக்கியது. திரும்பி வந்து காலுறையைப் போட்டுக்கொண்டு இறங்கினார். இப்போது கால் பிடித்தது.

ஒவ்வொரு பயணத்திலும் அவள் நனைந்த காலுறைகளை வேனின் முன்கண்ணாடிக்குக் கீழே காயப்போடுவாள். கண்ணாடியில் ஆவி படிந்து ரோடு தெரியாது. அவர் சலித்துக்கொள்வார். "பார்த்து நடக்கத் தெரியாதா உனக்கு?"

"புல்லுல பனிங்க" என்பாள்.

தண்ணீர் எலும்பைக் கடித்தது. பாறை மேல் ஏறி, டார்ச்சை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றார். இங்கிருந்து பார்த்தால் கேமராவும் தெரியவில்லை, ஆளும் தெரியவில்லை. இருட்டிலிருந்து குரல் மட்டும் வந்தது.

"போதும்பா, வந்துடுங்க."

வானம் வெளுக்கத் தொடங்கியிருந்தது. அவர் நகரவில்லை.

"அப்பா, வெளிச்சம் வருது. படத்துல நீங்க நிக்கிறீங்க."

"தெரியும்மா."

நன்றாக விடிந்த பிறகுதான் அவர் பாறையிலிருந்து இறங்கித் தண்ணீரில் திரும்பி வந்தார். மகள் கரையோரம் வந்து கை நீட்டி அவரை ஏற்றிவிட்டாள்.

"உங்கம்மா இதை ஒரு வார்த்தை சொல்லல."

"எங்கிட்ட சொல்லியிருக்காங்கப்பா. சொன்னா அப்பா இந்த ஏரிக்கே வரமாட்டாரு, பாவம், அவருக்கு இதை விட்டா என்ன இருக்குன்னாங்க."

ஏரிக்காரர் வேனுக்கு நடந்தார். வேனில் ஏறி உட்கார்ந்து, காலுறைகளைப் பிழிந்து, அவள் வைக்கும் இடத்திலேயே விரித்து வைத்தார். ஹீட்டரைப் போட்டதும் கீழிருந்து ஆவி ஏறியது. முதலில் பாறை மறைந்தது, பிறகு ஏரி. மகள் துடைக்கத் துணியை எடுத்தாள்.

"விடும்மா, கொஞ்ச நேரம் இருக்கட்டும்" என்றார்.