இரண்டாவது மொனிட்டருக்கு வலப்பக்கம்

மாலை ஐந்து மணி பத்து நிமிடத்துக்கு, மவுஸின் அம்புக்குறி இரண்டாவது மொனிட்டரின் வலது ஓரத்தைத் தாண்டி வெளியே போனது. அதற்கு அப்பால் திரை கிடையாது. சுவர், சுவரில் ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே ரத்தோட்டை வீதி, அவ்வளவுதான். நேரம் எப்படி நினைவிருக்கிறது என்று கேட்பீர்கள். மகளை எதிர்பார்த்துக்கொண்டு நிமிடத்துக்கு ஒருதரம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான்.

நீங்கள் சிரிப்பீர்கள், தெரியும். நானும் சிரித்தவன்தான். மாத்தளையில் பல வருஷமாகப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். தோட்டத் தொழிலாளர் லயத்துக்குப் பின்னால் வெள்ளையாக ஒன்று நின்றது, மிளகுக் கொடிக்குள் யாரோ கூப்பிட்டார்கள் என்று வருகிற பிள்ளைகளிடம், "ராத்திரி என்னத்தத் தின்னுட்டுப் படுத்த?" என்று கேட்டு அனுப்பிவிடுவேன். பேய் பிசாசை இன்றைக்கும் நம்பவில்லை. இது ஒன்றைத்தான் சொல்கிறேன், இது எனக்கே நடந்தது என்பதால்.

யுத்தம் அதன் கடைசிக் கட்டத்துக்கு வந்திருந்த காலம். எங்களுக்கு ஒரே பிள்ளை, சுமதி. கொழும்பில் ஒரு அச்சகத்துக்குப் புத்தகங்களின் பக்கங்களை அமைத்துக் கொடுப்பாள். வேலை வீட்டுக் கம்பியூட்டரில்தான். முடிந்ததைக் கொண்டுபோய்க் கொடுக்க மட்டும் பஸ் ஏறுவாள், ஒரு இரவு சிநேகிதி வீட்டில் தங்கிவிட்டு மறுநாள் திரும்புவாள். ஒரே திரையில் மூலப்பிரதியையும் பக்கத்தையும் மாற்றி மாற்றித் திறந்து கண்ணே போகிறது, இன்னொரு மொனிட்டர் இருந்தால் நல்லது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் திரும்பி வருவதற்குள் மாட்டிவைத்து அசத்திவிட வேண்டுமென்று அன்றைக்கு டவுனில் பழையது ஒன்று வாங்கி வந்தேன். பின்பக்கம் பெருத்த பழைய மாதிரி, அம்மிக்கல் கனம்.

"ரெண்டு கண்ணுக்கு ரெண்டு டிவியா?" என்றாள் என் மனைவி ராஜம். "அப்பாவும் மகளும் வீட்டைக் கடையாக்கிட்டு என்னைய வெளி முத்தத்துல படுக்கச் சொல்லுங்க."

கம்பியூட்டரின் பின்னால் இரண்டாவது கேபிளுக்கு இடம் இருந்தது. மாட்டினேன். ஆனால் முதல் திரையில் என்ன தெரிகிறதோ அதையேதான் இரண்டாவதும் காட்டியது. அதைப் பிரதி எடுப்பது என்பார்கள். எனக்கு வேண்டியது நீட்டிப்பு, அதாவது ஒரு திரை முடிகிற இடத்தில் மற்றது தொடங்க வேண்டும், அம்புக்குறி இதிலிருந்து அதற்கு நடந்து போக வேண்டும். செட்டிங்கில் அதைத் தேர்ந்தெடுத்தால் மறுபடி பிரதிக்கே போய் நின்றது. மொனிட்டரை மேசையில் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்க்கலாம் என்று பக்கத்தில் இருந்த சுமதியின் ஸ்கேனரைத் தூக்கினேன். உள்ளே ஏதோ சறுக்கியது. மூடியைத் திறந்தேன்.

கண்ணாடியின் மேல் சுமதியின் அடையாள அட்டை குப்புறக் கிடந்தது.

முந்தாநாள் எதற்கோ பிரதி எடுத்திருக்கிறாள், எடுத்தவள் அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டாள். போகும்போது யாரும் மறித்துக் கேட்கவில்லை போலிருக்கிறது. அந்த அட்டை இல்லாமல் ஒரு தமிழ்ப் பிள்ளை கொழும்பு பஸ்ஸில் வருவதென்றால் என்ன என்று அந்தக் காலத்தில் இருந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். சோதனைச் சாவடியில் ஆமிக்காரர்கள், அதாவது இராணுவச் சிப்பாய்கள், எல்லோரையும் இறக்கி வரிசையில் நிறுத்துவார்கள். அட்டை இல்லாதவரை ஓரமாக நிற்கச் சொல்லுவார்கள், பஸ் போய்விடும். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையை எங்கே தேடுவது என்று தெரியாமல் அலைந்த பெற்றோரை எனக்குத் தெரியும்.

அவளுடைய போனுக்கு எடுத்தேன். கிடைக்கவில்லை. அச்சகத்தில், பகலே புறப்பட்டுவிட்டாள் என்றார்கள். அட்டையைச் சட்டைப் பைக்குள் போட்டுப் பொத்தானைப் பூட்டினேன்.

"எங்க போறீங்க?" என்றாள் ராஜம்.

"கண்டிப் பக்கம். எந்தச் செக் பொயின்ட்லயாவது நிப்பா."

"எந்த பஸ்ஸுன்னு தெரியுமா? எந்த எடம்னு தெரியுமா? நீங்க ஒரு பக்கம், அவ ஒரு பக்கம்னு ரெண்டு பேரையும் நான் எங்க போய்த் தேடுறது? இந்தாங்க, செருப்ப எடுத்து ஒளிச்சு வச்சிட்டேன். இப்பப் போங்க பாப்போம்!"

சொல்லிவிட்டு அழுதாள். நான் உட்கார்ந்துவிட்டேன். கம்பியூட்டருக்கு முன்னால் இருந்த கதிரைதான் பக்கத்தில் இருந்தது. போன் மடியில். வேறு எங்கே பார்ப்பதென்று தெரியாமல் திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டிலும் ஒரே படம், இரண்டிலும் ஒரே இடத்தில் அம்புக்குறி. பிரதி என்றால் அப்படித்தான் இருக்கும். நம்பினால் நம்புங்கள், முதல் திரையில் இருந்தது அசையவில்லை, இரண்டாவதில் இருந்தது நகர்ந்தது. என் கை மவுஸில் இல்லை. நடக்கிற ஆளின் வேகத்தில் வலப்பக்கம் போய், ஓரத்தைத் தொட்டு, போய்விட்டது. முதல் திரையில் பார்த்தேன், அங்கேயும் இப்போது இல்லை.

கேபிள் தளர்ந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். எழுந்து பார்க்க நினைத்தேன், எழும்ப முடியவில்லை. பயத்தால் அல்ல. எழும்புவதற்கு அந்தக் கதிரையில் ஆளே இல்லாத மாதிரி இருந்தது, இதைவிட நன்றாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. மழையில் நனைந்த தாரின் வாசம் வந்தது, எங்கள் பக்கம் அன்றைக்கு மழையே இல்லை. டீசல் புகை வந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு அதே வலது ஓரத்தால் அம்புக்குறி உள்ளே வந்தது, போன வேகத்திலேயே வந்து நடுவில் நின்றது. மவுஸை அசைத்தேன், முதல் திரைக்குப் போனது, திரும்பி வந்தது. திரைகள் இரண்டும் நீட்டிப்பில் இருந்தன.

வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. ராஜம் லைட்டைப் போட்டுவிட்டு, "எத்தன தரம் கூப்புட்டேன், செவிடனாட்டம் இருக்கீங்களே" என்றாள். அதுவரை அவள் வாசல் படியை விட்டு நகரவேயில்லை. நான் கதிரையை விட்டு எழும்பவில்லை என்பதற்கு அவள்தான் சாட்சி. இன்றைக்கும் கேளுங்கள், சொல்லுவாள்.

சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் ஒரு த்ரீவீலர் வந்து நின்றது. சுமதி இறங்கினாள். தலையும் தோளும் நனைந்திருந்தன. ராஜம் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். நான் வாசலில் நின்று, "அட்டை இல்லாம எப்படிம்மா விட்டாங்க?" என்று கேட்டேன்.

சுமதி விளையாட்டென்று நினைத்துச் சிரித்தாள். கைப்பையைத் திறந்து அட்டையை எடுத்துக் காட்டினாள்.

"நீங்கதானப்பா கொண்டுவந்து குடுத்தீங்க? கண்டி ரோட்டுல அக்குறணை தாண்டி எறக்கி நிப்பாட்டிட்டாங்க, பஸ்ஸும் போகப்போகுது, நான் அழுதுகிட்டு நிக்கிறேன், பாத்தா மழைக்குள்ள நடந்து வாறீங்க. ஒரு வார்த்தை பேசல. நான் பஸ்ல ஏறிட்டுத் திரும்பிப் பாத்தேன், ஒங்களக் காணோம். எனக்கு முன்னாடி எப்படி வீட்டுக்கு வந்தீங்க?"

சட்டைப் பையைத் தடவினேன். பொத்தான் பூட்டியபடியே இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

இன்றும் அவள் அந்த மேசையில்தான் வேலை செய்கிறாள். மொனிட்டர்கள் மாறிவிட்டன, புதியவை, மெல்லியவை. அந்த இடத்தில் நான் உட்காருவதில்லை. ஆனால் என்னை இன்றுவரை தூங்கவிடாதது அந்த அட்டைகூட இல்லை. என் மகள் அன்றைக்கு வீட்டுக்குள் காலடி வைக்கும்போது, தாயின் பக்கம் திரும்பிக் கொஞ்சம் கோபமாகவே கேட்டதுதான்:

"ஏம்மா, அப்பாவ எதுக்கு வெறுங்காலோட அனுப்புனீங்க? அந்த ஆமிக்காரரே அவரு காலப் பாத்துட்டுத்தான் என்னைய விட்டாரு."