கதவுக்கு மேல் விட்ட இடைவெளி

என் கணவர் குவைத்தில், ஃபஹாஹீலில் ஷட்டரிங் கார்பெண்டர். கான்கிரீட் ஊற்றுவதற்குப் பலகை அடிப்பார். அது இறுகியதும் அவரே பிரித்துப் போடுவார். அவர் கைவேலை எதுவும் கட்டடத்தில் தங்காது. அதனால் முதலாளி தன் தோட்டத்தில் மரவீடு ஒன்று எழுப்பச் சொன்னபோது, அவரைவிட எனக்குத்தான் சந்தோஷம்.

எங்கோ குளிர்நாட்டிலிருந்து கன்டெய்னரில் வந்த பைன் மரத்தடிகள். முனைகளில் பள்ளம் செதுக்கியிருந்தது. ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்து மூலையில் கோத்தால் அதுவே சுவர். தீக்குச்சிகளை அடுக்கி எனக்குக் காட்டினார். கதவு, ஜன்னல் நிலைகளுக்கு மேலே மட்டும் நாலு விரல் இடைவெளி விழுந்ததாம். அனுப்பியவர்கள் அளவைத் தப்பவிட்டார்கள் என்று நினைத்து, பலகை வெட்டி இறுக்கி, ஒட்டுத் தெரியாமல் இழைத்து அடைத்துவிட்டார்.

கோடை முழுக்க அந்த வீடு பூட்டிக் கிடந்தது. குளிர் தொடங்கியதும் முதலாளி ஒரு வெள்ளிக்கிழமை தன் குடும்பத்தோடு எங்களையும் அழைத்தார். ஆண்கள் வெளியே கறி சுட, பெண்கள் மரவீட்டுக்குள் உட்கார்ந்தோம். ஏதோ கம்பெனி கட்டியது என்று முதலாளியின் மனைவி தன் தங்கைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த அரபியில் நான் குறுக்கே விழுந்தேன். “கம்பெனி இல்லை மேடம், என் கணவர்தான்.”

“மாஷா அல்லாஹ்!” என்றார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். எழுந்துபோய்க் கதவுக்கு மேலிருந்த பலகையைத் தொட்டுக் காட்டி, “ஒட்டு தெரிகிறதா பாருங்கள்” என்றேன்.

கொஞ்ச நேரத்தில் புழுதிக்காற்று கிளம்பியது. தங்கைகளில் ஒருத்தி கதவை ஓங்கிச் சாத்தினாள். காற்று அடங்கியபின் திறக்கப் பார்த்தால் வரவில்லை. ஜன்னல்களும் அசையவில்லை. முதலில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஒருத்திக்கு மூச்சு வாங்கி, அழத் தொடங்கிவிட்டாள். நான் கணவருக்குப் போன் செய்தேன்.

ஓடிவந்து வெளியிலிருந்து தோளால் முட்டினார். அசையவில்லை. நிலைக்கு மேலே தட்டிப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில், “மரம் காஞ்சு செவரே எறங்கிருக்கும்மா. பாரமெல்லாம் நான் அடச்ச பலகையில உக்காந்து நிலைய அமுக்குது” என்றார்.

“இப்ப என்ன மச்சான் செய்ய?”

“பேத்துத்தான் எடுக்கணும். எல்லாரும் முக்காடு போட்டுட்டாங்களான்னு கேளு.”

கடப்பாரை இறங்கும் ஒவ்வொரு அடிக்கும் நான் காட்டிய அந்தப் பலகை பிளந்தது. தங்கைகள் அதைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். கதவு திறந்தபோது அவர் தலையெல்லாம் மரத்தூளுடன், கண்ணைத் தரையில் வைத்துக்கொண்டு விலகி நின்றார். முதலாளி, “மாஃபி முஷ்கில்”, ஒன்றும் பிரச்சினையில்லை என்று சிரித்து முதுகில் தட்டினார். அந்தச் சிரிப்பில் கெடுதல் எதுவும் இல்லை. ஆனாலும் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. யாரும் சொல்லாமலே தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போய், அங்கிருந்த பணிப்பெண்களோடு நின்று கழுவ ஆரம்பித்தேன்.

திரும்பும் வழியில் அவர், “நான்தான் கட்டுனேன்னு நீ ஏன் சொல்லப் போன?” என்றார்.

“பெருமையா இருந்துச்சு மச்சான்.”

“சொல்லாம இருந்தா, ரிப்பேருக்கு வந்தவன்னு நெனச்சிருப்பாங்க.”

அந்த இடைவெளி வேண்டுமென்றே விட்டது, மரம் இறங்குவதற்கான இடம் என்று விற்றவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். அடுத்தடுத்த வெள்ளிக்கிழமைகளில் போய், எல்லா ஜன்னல்களிலும் பலகையைப் பிடுங்கிவிட்டுப் பஞ்சு அடைத்தார். கதவு இப்போது ஒற்றை விரலுக்குத் திறக்கிறதாம்.

முதலாளியின் தம்பியும் அதேபோல ஒரு வீடு கேட்கிறார். இவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். வேலை எந்த இடத்தில் என்று இவர் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.