இருமல்காரர் உட்பட

நேற்று எதிர்க்கடைக்குப் புதுப் பலகை எழுதினார்கள். பெயிண்டில் கலக்கிற டர்பன்டைன் வாசனை மாடிவரை வந்தது. மற்றவர்களுக்குத் தலை வலிக்கும். எனக்கு ஒரு பூங்காவின் பலகை ஞாபகம் வந்துவிடும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசியில் மதுரை நகரசபையில் நான் குமாஸ்தா. சட்டம் தெரியாது, கையெழுத்து மட்டும் முத்து முத்தாக இருக்கும். அந்தத் திமிர் வேறு. நெருக்கடியான தெருக்களில் நிலம் எடுத்துப் பூங்கா போடலாம் என்று சபைக்கு அதிகாரம் வந்ததும், நோட்டீசைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறினேன். எல்லோரும் ஏசினார்கள். ஒருத்தி சாணித் தண்ணீரை என் மேலேயே ஊற்றிவிட்டு, வாசல் தெளித்தேன் என்றாள்.

வண்டிப்பேட்டை வைத்திருந்த காதர் ராவுத்தர் மட்டும் உட்காரச் சொல்லி டீ கொடுத்தார். வண்டிகள் அவிழ்த்துப்போடும் அந்தப் பொட்டல்தான் அவர் பிழைப்பு. ஒட்டியே வீடு. உள்ளே அவர் மனைவி இருமுவது கேட்டது.

"டாக்டரு நல்ல காத்து வேணுங்கிறாரு தம்பி. இந்தச் சந்துல காத்துக்கு எங்க போறது? மரம் வப்பீகளா?"

"வப்போம் பாய். மொத பெஞ்சு உங்க வீட்டம்மாவுக்குத்தான்."

பொட்டலைக் கொடுக்க அங்கேயே கையெழுத்துப் போட்டார். பிறகு அவர் வேறொருவர் பேட்டையில் கூலிக்கு நின்றதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

பூங்கா வாசல் பலகைக்கு விதிகளைத் தமிழில் எழுதும் வேலை எனக்கு வந்தது. எங்கிருந்தோ வந்த அச்சுத்தாளைப் பார்த்து எழுதினேன். 'தொற்றுநோயாளிகளுக்கு அனுமதி இல்லை' என்று ஒரு விதி. தொற்றுநோய் என்றால் சனங்களுக்கு விளங்குமா? 'இருமல்காரர் உட்பட' என்று நானாகச் சேர்த்தேன். அதிகாரி தட்டிக்கொடுத்தார். ராவுத்தர் வீட்டு நினைப்பே வரவில்லை, சத்தியமாக.

திறந்த அன்று சாயங்காலம் ராவுத்தர் மனைவியைக் கைத்தாங்கலாக அழைத்துவந்தார். வாசலிலேயே அந்த அம்மா இருமிவிட்டார். காவல்காரன் பலகையைக் காட்டினான்.

"யாரு தம்பி இப்பிடி எழுதுனது?"

பக்கத்தில்தான் நின்றேன். "மேலருந்து வந்த ரூலு பாய்" என்றேன்.

"விடுங்க, தம்பி என்ன செய்யும்?" என்றார் அந்த அம்மா. "இங்கனயே செத்த நேரம் நின்னுட்டுப் போவோம்."

பலகையை மாற்றச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த இரண்டு வார்த்தை யாருடையது என்று கேட்பார்கள். வேலை போய்விடுமே என்று பயம். கோழைப்பயல் நான். தினமும் அந்த அம்மா கம்பி வேலிக்கு வெளியே நின்றார். மழைக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். துக்கத்துக்குப் போனேன். ராவுத்தர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்களாச்சும் வந்தீகளே" என்றார். கழுத்தை நெரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மரங்களை வெட்டி அங்கே கடைகள் கட்டி எத்தனையோ வருஷமாகிறது. சந்தும் இல்லை, ராவுத்தர் வீடும் இல்லை. எழுதியது நான்தான் என்று நான் போய்ச் சொல்வதற்கு அந்தப் பக்கம் ஒரு ஆள்கூட மிச்சமில்லை.