இடம் மாறிய பொத்தான்

இன்று எங்கள் வாசிகசாலைக் கணினியில், மறைந்த என் மனைவியைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். முதியோர் வகுப்பில் எழுத்துப் படித்தபின் நான் எழுதிய முதல் முழுப்பக்கம் அது.

ஒரு சொல் எழுதுவேன். யன்னலுக்கு வெளியே வாழையிலை அசைவதைப் பார்ப்பேன். அடுத்த சொல் அங்கிருந்து மெல்ல வரும்.

எங்கள் அலுமாரியில் என் மருந்துப் போத்தல் எப்போதும் இடப்பக்கம், தைலம் வலப்பக்கம். வாசிக்கத் தெரியாத எனக்காக அவள் கடைசிவரை அவற்றை இடம் மாற்றவில்லை. இதைத்தான் எழுதினேன்.

முடித்துவிட்டு மூடப் போனபோது, சேமிக்கவா என்று கேட்கும் வழக்கமான சின்னப் பெட்டி திரையில் வந்தது. அதில் இடப்பக்கப் பொத்தானை அழுத்தினால் எழுதியது பத்திரமாக இருக்கும். கை தானாகப் போனது. எழுதிய மயக்கத்தில் அந்தப் பொத்தானையும் எழுத்துக்கூட்டி வாசித்தேன். ‘சேமிக்க வேண்டாம்’ என்று இருந்தது.

கையை எடுத்துவிட்டேன்.

“பிள்ளை, உந்தப் பொத்தானை ஆர் மாத்தினது?” என்று வாசிகசாலைப் பொறுப்பாளர் மலரைக் கேட்டேன்.

“நேற்றுக் கணினியிலை புதுப் பதிப்புப் போட்டனாங்கள், அப்பு. அதிலை ரெண்டு பொத்தானும் இடம் மாறிப்போச்சு.”

“எந்தக் கோயிலிலையும் பிள்ளையாரைத்தானே முதல் கும்பிடுறம், அந்த ஒழுங்கு மாறுறேல்லையே. இதைச் செய்த ஆக்கள் கோயிலுக்குப் போறேல்லையோ?”

மலர் என் பக்கத்தை நின்று வாசித்தார். பிறகு, “அவையள் உங்கடை மனுசியிட்டைப் படிச்சிருக்கோணும், அப்பு,” என்றார்.

வலப்பக்கத்தை அழுத்தினேன். அவள் பத்திரமாக இருக்கிறாள்.

இதை நீங்கள் வாசிக்கிறீர்கள் என்றால், பதிவை அனுப்பும் பொத்தானையும் கண்டுபிடித்துவிட்டேன். நாளைக்கு அது எங்கே இருக்கும் என்று யாருக்காவது தெரியுமா?