மடிப்பிச்சை கேட்காதவள்

ஆரையம்பதியில் சீதேவிப்பிள்ளையிடம் இறால் வாங்க வருகிறவர்கள் விலை பேசுவதில்லை. பேசிப் பிரயோசனம் இல்லை. விடியப்புறம் வாவிக்கரையில் தோணிக்காரரோடு அவள் பேரம் பேசுவதை ஒருமுறை கேட்டவர்களுக்கு அதற்குப் பிறகு வாய் திறக்கத் தைரியம் வராது. புருஷன் செத்துப் பதினாலு வருஷம். அதற்குள் இரண்டு பெண்களைக் கட்டிக் கொடுத்து, இந்தப் பக்கத்து வழக்கப்படி இரண்டு பேருக்கும் வீடும் எழுப்பிக் கொடுத்தவள். அந்தக் கை இலேசில் விரியாது. அதில் பிழை சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது?

ஒருமுறை விரிந்து சூடுபட்ட கை அது. மூன்று வருஷத்துக்கு முன் ஒருவன் டொக்டரின் கடிதம் ஒன்றோடு வந்தான். மகளுக்கு இருதயத்தில் ஓட்டை என்றான். சீதேவிப்பிள்ளை அழுதுகொண்டே ஐயாயிரம் கொடுத்தாள். அடுத்த மாதம் பெரியகல்லாற்றில் தங்கச்சி வீட்டுக்குப் போனால், அதே ஆள் அதே கடிதத்தோடு வாசலில் நிற்கிறான். இந்தமுறை ஓட்டை மகனுக்கு. காசு போனதைவிட, அவனுக்காக அழுததுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அன்றோடு முடிவெடுத்தாள். பசி என்று வந்தால் சோறு உண்டு. முன்பின் தெரியாதவருக்குக் காசு கிடையாது.

மடிப்பிச்சை இந்தக் கணக்கில் சேராது. வைகாசியில் கண்ணகி அம்மனுக்குக் கதவு திறந்து சடங்கு தொடங்கினால், நேர்த்தி வைத்த பெண்கள் தலை முழுகி, மஞ்சள் சேலை உடுத்து, வெறுங்காலோடு வீடு வீடாகப் போய்ச் சேலைத் தலைப்பை ஏந்துவார்கள். எவ்வளவு வசதிக்காரியானாலும் ஏந்தத்தான் வேண்டும். என்ன நேர்த்தி என்று யாரும் கேட்பதில்லை, இல்லை என்று சொல்வதுமில்லை. ஒரு பிடி அரிசி, ஒரு சில்லறைக் காசு, ஒரு கும்பிடு, அவ்வளவுதான்.

இந்த வருஷம் சடங்கின் மூன்றாம் நாள். இறால் விற்று முடித்துச் சீதேவிப்பிள்ளை கை கழுவிக்கொண்டிருந்தபோது வாசல் கேற்றடியில் ஒருத்தி வந்து நின்றாள். இருபத்தைந்து வயதிருக்கும். மஞ்சள் சேலை, ஈரத் தலை, காலில் செருப்பில்லை. சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் பிசைந்துகொண்டு நின்றாள்.

“அம்மா, ஒரு உதவி கேட்டு வந்தநான்...”

“சொல்லாத மகள், சொல்லாத!” சீதேவிப்பிள்ளை பதறிப் போனாள். “அம்மாள்ட நேத்திய வாயால சொல்லப்படா.”

“இல்லம்மா, என்ட அவர்...”

“அவருக்கும் நல்லாகும். அம்மாள் பாத்துக்கொள்ளுவா.”

உள்ளே ஓடிப்போய் அரிசி அள்ளி வந்து, அந்தப் பெண்ணின் தலைப்பைத் தானே விரித்து, மேலே இருபது ரூபாய்க் காசையும் வைத்தாள். அவள் அரிசியைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. அதைப் பக்தி என்று நினைத்துச் சீதேவிப்பிள்ளைக்கும் கண் நிறைந்தது.

அரை மணித்தியாலம் கழித்து, அடுத்த ஒழுங்கையில் குடியிருக்கும் உதயரூபன் தன் ஆட்டோவை வாசலில் நிறுத்தினான்.

“மாமி, மஞ்சள் சீலையோட ஒரு புள்ள வந்ததா?”

“ஓம், மடிப்பிச்சைக்கு.”

“என்ன மடிப்பிச்சை! அந்தப் புள்ள தூரத்துப் பனிச்சங்கேணி. புருசன் மேசன் வேலையில மேல இருந்து விழுந்து ஆசுபத்திரியில கிடக்கானாம். மருந்து ஒண்டு வெளியில வாங்கட்டாம், இண்டைக்கே வேணுமாம். வேலை குடுத்த ஆளைத் தேடி இஞ்ச வந்தா, அந்தாள் வீட்டப் பூட்டிப்போட்டுத் திருகோணமலைக்குப் போயிட்டாராம். செருப்பும் அறுந்திட்டு. ஏழு வீட்டில கேட்டிருக்கு மாமி. ஏழு வீட்டிலயும் அரிசி போட்டு அனுப்பியிருக்காங்க. பஸ் ஹோல்ட்டில இருந்து அழுகுது.”

“மருந்து எவ்வளவாம்?”

“ஏழாயிரம் கிட்ட. நான் ஐந்நூறு குடுத்தன். உண்மையோ பொய்யோ எனக்குத் தெரியா.”

சீதேவிப்பிள்ளை உள்ளே போனாள். அலுமாரியில் ஏழாயிரம் இருந்தது, ஆனால் அது அவளுடைய காசில்லை. தை மாதம் கண்ணில் விழுந்த வெள்ளையை ஆசுபத்திரியில் வெட்டும்போது, பார்வை வந்தால் கண் உருவம் பொறித்த வெள்ளிக் கண்மடல் சாத்துவதாக அம்மனுக்கு நேர்ந்திருந்தாள். சடங்கு முடிகிற குளிர்த்தி நாளுக்குள் சாத்தியாக வேண்டும். மிச்சமிருந்தது நாளைக்கு இறால் எடுக்கிற முதல். அதைத் தொட்டால் தொழில் படுத்துவிடும்.

பொய்க்காரியாக இருந்தால்? அந்தக் கடிதக்காரன் மூச்சு விடாமல் பேசியது நினைவுக்கு வந்தது. ஏமாற்ற வந்தவள் ஏழு வீட்டில் அரிசி வாங்கிக்கொண்டு வாயடைத்து நிற்பாளா? நிற்கவும் கூடும். அழுகிறவர்களில் எத்தனை விதம் என்று அவளுக்குத் தெரியும். யோசிக்க யோசிக்க அவளுக்குத் தன்மேல்தான் ஆத்திரம் வந்தது. அந்தப் பிள்ளையை உண்மை சொல்லவும் விடவில்லை, பொய் சொல்லவும் விடவில்லை. அதையும் அம்மாள் பேரைச் சொல்லியல்லவா செய்தாள்! அம்மாள் பேரால் அடைத்த வாய்க்கு அம்மாளே காசு கொடுக்கட்டும். கண்மடல் அடுத்த வைகாசிக்குப் போகலாம். ஆசுபத்திரி வாட்டில் கிடக்கிறவனுக்கு அடுத்த வைகாசி வருமோ என்னவோ.

காசை எடுத்துக்கொண்டு வந்து ஆட்டோவில் ஏறினாள்.

பெண் பஸ் ஹோல்ட்டின் சீமெந்துக் கட்டின்மேல் உட்கார்ந்திருந்தாள். மடியில் அரிசி அப்படியே இருந்தது. கொட்டிவிடப் பயமாக இருந்ததாம். சீதேவிப்பிள்ளை பக்கத்தில் இருந்தாள்.

“இப்ப சொல்லு மகள். நான் கேக்கிறன்.”

அவள் பெயர் நிருஷா, புருஷன் பெயர் நிலோஜன். சொல்லிக்கொண்டே மருந்தின் பெயர் எழுதிய துண்டை நீட்டினாள். சீதேவிப்பிள்ளை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். டொக்டரின் இங்கிலீசு எழுத்தில் ஒன்றும் விளங்கவில்லை. கடிதக்காரனின் தாளும் இப்படித்தான் இருந்தது. துண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, காசை நிருஷாவின் கைக்குள் வைத்து அவளுடைய விரல்களை மடக்கினாள்.

நிருஷா கும்பிடப் பார்த்தாள். அரிசி சிந்தப் போனது. பிறகு அவசரமாகப் போனை எடுத்தாள்.

“நம்பரச் சொல்லுங்கம்மா. அவர் எழும்பினதும் எப்படியும் அனுப்பிப்போடுவன். நானே உங்களுக்குக் கோல் எடுக்கிறன்.”

“பூச்சியம் ஏழு ஏழு...” என்று தொடங்கிய சீதேவிப்பிள்ளை நிறுத்திக்கொண்டாள். மட்டக்களப்பு பஸ் வந்து நின்றது. நிருஷா ஏறாமல் போனைப் பிடித்தபடி காத்திருந்தாள்.

“வேணாம் மகள், ஏறு. நம்பரத் தந்தா நான் போனையே பாத்துக்கொண்டிருப்பன். நீ கோல் எடுக்கல்லயெண்டா, அந்தப் புள்ளைக்கு என்ன நடந்ததோ எண்டு நினைக்க மாட்டன். ஏமாத்திப்போட்டாள் எண்டுதான் நினைப்பன். என்னை எனக்குத் தெரியும்.”