மாட்டில் படித்த ஐந்தெழுத்து

எனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டி வாசிக்க வரும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. நோர்வே எழுத்தில் கனகாலம் எனக்கு ஐந்துதான் தெரியும். E, U, R, O, P. இந்த ஐந்தையும் எனக்குப் படிப்பித்தது மாடுகள். அதை எழுதிவைக்க வேண்டும் என்று நெடுக நினைத்து, இப்போது ஆறுதலாக இருந்து எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ. பொறுக்காவிட்டாலும் நான் திருத்தப் போவதில்லை.

நோர்வேயின் வடகோடியில், பாட்ஸ்பியோர்ட்டில் மீன் வெட்டின கை என்னுடையது. நானும் இவரும் பக்கத்துப் பக்கத்து மேசையில் நின்று முள்ளெடுத்தோம். இவர் காலமான பிறகு மகள் என்னை ஒஸ்லோவுக்குக் கூட்டிவந்து, ஹவுகன்ஸ்டுவாவில் தன்னுடைய மாடிவீட்டில் வைத்தாள். சும்மா இருக்க எனக்கு ஏலாது. றெயினில் போய்வரக்கூடிய தூரத்தில் ஒரு மாடறுக்கும் இடத்தில் வேலை இருக்கிறது என்று ஒருவர் சொன்னார்.

விண்ணப்பத்தை மகள்தான் நிரப்பினாள்.

"அம்மா, நோர்வே மொழி வாசிப்பீங்களோ எண்டு கேட்டிருக்கு."

"கதைப்பன் எண்டு போடு."

"கதைக்கிறதுக்கு வேறை பெட்டி. இது வாசிக்கிறதுக்கு."

"அதுக்கும் ஒரு சரி போடு. எழுத்து வாசனை இல்லாதவள் எண்டு ஆரும் என்னைச் சொல்லக்கூடாது."

அவள் என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டுச் சரி போட்டாள். அந்தச் சரிதான் பிறகு எனக்குப் பிழையாக வந்தது.

கோயிலில் பூக்கட்டும்போது பக்கத்தில் இருந்தவ ஒருநாள் கேட்டா: "வாயிலை சிவாயநம, கையிலை மாட்டிறைச்சியோ?"

"கையைக் கழுவலாம் அக்கா," என்றேன். "வாயைத்தான் கழுவ ஏலாது." அதற்குப் பிறகு அவ எனக்கு நூல்பந்தை நேரே நீட்டுவதில்லை, நிலத்தில் வைப்பா. நான் எடுத்துக்கொள்வேன். மாட்டிறைச்சி நான் ஒருநாளும் வாயில் வைத்ததில்லை. ஆனால் அந்த வேலையால்தான் வீட்டில் என் பங்குக்கு நான் நிமிர்ந்து நின்றேன். அதைப்பற்றி எனக்கு வெட்கம் இல்லை.

என்னுடைய இடம் எது என்று சொல்கிறேன். உரித்து, இரண்டாய்ப் பிளந்து, கொழுக்கியில் தொங்கிக்கொண்டு மாடு வரும். அது உயிரோடு இருந்தபோது காதில் இருந்த மஞ்சள் தகடு, அதில் உள்ள இலக்கத்தோடு, அதே கொழுக்கியில் கொழுவியிருக்கும். எனக்கு முன்னால் ஒருவர் உயரமான முக்காலியில் இருந்து மாட்டைச் சுற்றிப் பார்த்து, பொத்தானை அமத்துவார். அவர் தரம் பார்க்கிறவர். அமத்தினதும் எனக்குப் பக்கத்தில் உள்ள பெட்டியில் இருந்து ஒரு துண்டு வெளியே வரும். அந்தத் துண்டையும் காதுத் தகட்டையும் ஒரு சின்ன உறையில் போட்டு நான் மாட்டில் கொழுவிவிடுவேன். குளிர் அறை வாசலில் ஒரு பெட்டை அந்த இரண்டையும் சேர்த்துக் கொம்பியூட்டரில் ஏற்றுவாள். அதைப் பார்த்துத்தான் வளர்த்தவருக்குக் காசு போகும்.

துண்டில் மேலே ஒரு சொல், நடுவில் பெரிதாய் ஒரு எழுத்து, பக்கத்தில் ஒரு இலக்கம். எழுத்து சதைக்கு, இலக்கம் கொழுப்புக்கு. மேலே இருந்த சொல் என்ன என்று நான் யோசிக்கவே இல்லை.

எழுத்துகளை ஆரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. துண்டையும் மாட்டையும் மாறிமாறிப் பார்த்தேன். சீப்புப் போல மூன்று பல்லோடு வருகிற E, தொடை பிதுங்கி நிற்கிற மாட்டுக்கு. அது வருஷத்தில் ஒன்றிரண்டு வந்தால் பெரிய காரியம். கிண்ணம் போல U, அதற்கு அடுத்தது. R நல்ல மாடு. O பரவாயில்லை. P, பால் கறந்து கறந்து வற்றின கிழட்டுப் பசுவுக்கு. R இல் கீழே தொடை மாதிரி ஒரு கால் இருக்கிறது பாருங்கோ, அதை வெட்டினால் P. பசுவின் தொடையும் அப்படித்தான் ஒன்றுமில்லாமல் இருக்கும். இதைக் கண்டுபிடித்த அன்று றெயினில் எனக்கு நானே சிரித்துக்கொண்டு வந்தேன். நமசிவாய என்கிற ஐந்தெழுத்து ஏற்கெனவே இருந்தது. இப்போது இன்னொரு ஐந்தெழுத்து.

தரம் பார்க்கிறவர் நல்ல மனிசன். நோர்வே மொழியில் நீ, நீங்கள் என்ற பிரிவு இல்லை, எல்லாருக்கும் ஒரே சொல். ஆனால் அவர் சொன்னதை நான் எப்போதும் "நீங்கள்" என்றுதான் கேட்டேன். சூப்பவைசர் சொன்னதை "நீ" என்றே கேட்டேன். அது சொல்கிறவரின் முகத்தைப் பொறுத்தது.

ஓர் இலையுதிர்காலக் காலையில் தேத்தண்ணி அறையில் ஒரு நோர்வேக்காரி என் மேசையில் வந்து இருந்தா. என்னுடைய வயதுதான். கையைப் பார்த்தால் தெரியும், மாடு வளர்க்கிற கை. புருஷன் இல்லை என்றா. தன்னுடைய பன்னிரண்டு நாம்பன்கள், இளம் ஆண்மாடுகள், இன்றைக்கு வந்திருக்கின்றன, எல்லாம் காளையாகாமல் நலமடித்து இறைச்சிக்கு வளர்த்தவை என்றா.

"ஆறுக்குப் புல்லு மட்டும். மற்ற ஆறுக்குக் கடைசி மூண்டு மாசமும் பார்லியும் குடுத்தனான்," என்றா. பாணில் பட்டர் பூசாத பாதியையும் பூசின பாதியையும் காட்டினா. எனக்கு உடனே விளங்கியது. எங்கள் ஊர்ப்பக்கத்தில் புண்ணாக்கு வைக்கிற மாதிரி.

"எது நல்லாய் நிறை வைச்சது?"

"பார்லி திண்டது. ஆனால் நிறை வைச்சது சதையோ கொழுப்போ எண்டு உரிச்சால்தான் தெரியும். கொழுப்பெண்டால் விலையை வெட்டுவினம். பார்லிக் காசும் போச்சு."

"அப்பிடியெண்டால்?"

"அப்பிடியெண்டால் மாட்டை விட்டிட்டு நிலத்தைக் குத்தகைக்குக் குடுப்பன். புல்லிலை மட்டும் வளர்த்து என்னாலை தாக்குப்பிடிக்க ஏலாது. மகன் போன வருஷமே குடுக்கச் சொன்னவன். இந்தப் பன்னிரண்டையும் பார்த்திட்டுச் சொல்லுறன் எண்டு சொல்லியிருக்கிறன்."

"எது புல்லு, எது பார்லி எண்டு எப்பிடித் தெரியும்?"

சட்டைப் பையில் இருந்து ஒரு கடதாசி எடுத்தா. பன்னிரண்டு காது இலக்கம். பார்லி தின்ற ஆறுக்குக் கீழே கோடு.

அவவின் மாடுகள் புல்லும் பார்லியும் கலந்து வந்தன. அவ கண்ணாடிச் சுவருக்கு அங்காலே பார்த்துக்கொண்டு நின்றா. முதல் இரண்டும் போனது. அப்போது என் பெட்டியில் கடதாசி முடிந்தது. நான் குனிந்து புதுச் சுருளைப் போட்டு நிமிர்ந்தேன். ஒரு துண்டு வந்து கிடந்தது, ஒரு மாடு வந்து நின்றது. கொழுவினேன். அடுத்தது, அதற்கடுத்தது. எல்லாம் R, O, R, R. ஒரே பண்ணை மாடு, ஏறக்குறைய ஒரே மாதிரி. ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

நாம்பன்கள் முடிந்து வேறொருவரின் கிழட்டுப் பசு வந்தது. முதுகெலும்பை எண்ணலாம், அப்படி ஒரு பசு. நான் துண்டை எடுத்தேன். R.

கை நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். பக்கத்துத் தண்டவாளத்தில், ஒதுக்கின மாடுகள் தொங்குகிற இடத்தில், ஒரு நாம்பன் தனியே தொங்கியது. நான் குனிந்து சுருள் மாற்றினபோது மிருக வைத்தியர் கண்டல் காயம் பார்க்க இழுத்து விட்டிருக்கிறார். மாடு போய்விட்டது, துண்டு என்னிடம் வந்துவிட்டது. அதிலிருந்து ஒவ்வொரு துண்டும் தனக்குப் பின்னால் வந்த மாட்டுக்கு. ஒன்பது நாம்பனுக்கு நான் பிழையான எழுத்துக் கொழுவியிருந்தேன். அவவின் புல்லும் பார்லியும் என் கையால் மாறிப்போய்விட்டது.

தலைக்கு மேலே சிவப்புக் கயிறு. இழுத்தால் எல்லாம் நிற்கும், ஏன் என்று கேட்பார்கள். இழுக்காவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. கண்ணாடிக்கு அங்காலே அவ கடதாசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றா.

இழுத்தேன்.

சூப்பவைசர் ஓடிவந்தான். "என்ன நடந்தது?"

"துண்டு மாறிப்போச்சு. இந்தப் பசு R இல்லை. ஒன்பது நாம்பனும் பிழை."

அவன் துண்டை என் கையில் இருந்து பறித்தான். "மேலை நாம்பன் எண்டு அச்சடிச்சிருக்கு. உனக்கு முன்னாலை நிக்கிறது பசு. நீ இதை வாசிக்கேல்லையோ?"

"இல்லை."

"ஏன் வாசிக்கேல்லை?"

"எனக்கு வாசிக்கத் தெரியாது," என்றேன். "அந்த அஞ்சு எழுத்து மட்டும்தான் தெரியும்."

இத்தனை வருஷம் மூடிவைத்த ஒன்றை, அறுபது வயது தாண்டின பிறகு, இத்தனை பேருக்கு முன்னால் நான் சொன்னேன். தேத்தண்ணி நேரத்தில் மற்றவர்களைப் போலப் பேப்பரை விரித்து, அவர்கள் புரட்டும்போது நானும் புரட்டின ஆள் நான். கண் நிலத்தைப் பார்த்தது. தலையை மட்டும் நான் குனியவில்லை.

தரம் பார்க்கிறவர் முக்காலியால் இறங்கி வந்தார். "எனக்குத் தெரியும்," என்றார். "முதல் மாசம் நீங்கள் துண்டைத் தலைகீழாய்க் கொழுவினனீங்கள். O வாற நாளிலை மட்டும் ஒருத்தரும் பிடிக்கேல்லை. O எப்பிடித் திருப்பினாலும் O தானே."

"பிறகேன் சொல்லேல்லை?"

"பிறகு நீங்கள் பிழை விடேல்லை."

குளிர் அறையில் இருந்து ஒன்பதையும் திரும்ப இழுத்தார்கள். அவர் ஒவ்வொன்றையும் மறுபடி பார்க்க வேண்டும். முதலாவதுக்கு முன்னால் நின்று பொத்தானில் கை வைக்காமல் என்னைப் பார்த்தார்.

"நீங்கள் சொல்லுங்கோ."

"விளையாடாதேங்கோ."

"சொல்லுங்கோ. பார்ப்பம்."

தொடையைப் பார்த்தேன். முதுகைப் பார்த்தேன். "R," என்றேன். அவர் R அமத்தினார். ஒன்பதில் எட்டு நான் சொன்னதுதான். ஒன்றை நான் R என்றேன், அவர் O என்றார்.

"வடிவாய்ப் பாருங்கோ," என்றேன்.

"நான் பார்த்தாச்சு. நீங்கள் முன்பக்கம் மட்டும் பார்த்தனீங்கள்," என்று சுற்றிக்கொண்டுபோய்ப் பின்பக்கம் காட்டினார். ஓம், O தான். சூப்பவைசர் கையைக் கட்டிக்கொண்டு நின்று, சிரிப்பை அடக்குவது எனக்குத் தெரிந்தது.

நோர்வேக்காரிக்கு வெள்ளைக் கோட்டுக் கொடுத்து உள்ளே விட்டார்கள். கடதாசியோடு ஒவ்வொரு காது இலக்கமாய்ப் பார்த்துப் பக்கத்தில் எழுத்தை எழுதினா. ஒதுக்கின நாம்பனுக்கும் அதன் துண்டு போய்ச் சேர்ந்தது. பார்லி தின்ற ஆறும் R. புல்லுத் தின்றதில் பாதி O. பார்லி தின்றதில் இரண்டுக்கு மட்டும் கொழுப்பு இலக்கம் ஏறிவிட்டது. அந்த இரண்டுக்கும் விலை வெட்டுத்தான்.

"மூண்டு மாசம் கூடிப்போச்சு," என்றா. "இனி இரண்டு மாசம் போதும்." பிறகு கடதாசியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னா: "இனி எண்டு சொல்லிப்போட்டன். மாட்டை விடேல்லை எண்டு மகனுக்கு இண்டைக்குப் பதில் சொல்லுறன்."

பிழை விட்டது நான்தான், எனக்கு அந்த ஐந்து எழுத்துத்தான் தெரியும் என்று அவவுக்குச் சொன்னேன். "பிழை விட்டனீ. கயிறும் இழுத்தனீ," என்றா. அந்த "நீ" எனக்கு இனிப்பாகத்தான் கேட்டது. சமவயதுக்காரர் சொல்கிற நீ.

அடுத்த நாள் திருநீறு பூசிக்கொண்டு, இன்றைக்கு வேலை பறிபோகும் என்று நினைத்துக்கொண்டு சூப்பவைசரின் அறைக்குப் போனேன். சூப்பவைசர் என் விண்ணப்பத்தை மேசையில் வைத்திருந்தான். மகள் போட்ட சரியில் விரலை வைத்தான். "அந்த இடத்திலை நிக்கிற ஆளுக்கு வாசிக்கத் தெரியவேணும். அது சட்டம்."

"ஓம்," என்றேன்.

தரம் பார்க்கிறவர் கதவுக்குப் பக்கத்தில் நின்றார். "துண்டிலை வாறது நாலே நாலு சொல்லு. பசு, கிடாரி, காளை, நாம்பன். மாட்டைப் பார்த்தே எழுத்துப் படிச்சவவுக்கு நாலு சொல்லு ஒரு கரைச்சலோ?"

கொஞ்சக் காலம் என்னைக் கழுவுகிற பக்கம் போட்டார்கள். ஒவ்வொரு தேத்தண்ணி நேரமும் அவர் தன்னுடைய தேத்தண்ணியை ஆறவிட்டு, பழைய துண்டுகளின் பின்பக்கத்தில் அந்த நாலு சொல்லையும் எழுதிக் காட்டினார். ஒருநாள் சூப்பவைசர் என்னைக் கூப்பிட்டு, நாலு துண்டை மேசையில் பரப்பி, "நாம்பனை எடு," என்றான். எடுத்தேன். என் இடத்தைத் திருப்பித் தந்தான். ஓய்வூதியம் வரும்வரை அந்த இடத்திலேயே நின்றேன். அவனையும் நான் நன்றியோடுதான் நினைக்கிறேன். சட்டத்தைக் காட்டி என்னை அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை.

தபாலில் வருவதை இன்றைக்கும் மகள்தான் வாசித்துச் சொல்வாள். வருஷத்தில் ஒன்றைத் தவிர. மாடுகளை அனுப்பின பிறகு நோர்வேக்காரி ஒரு தபால் காட் போடுவா. அதில் வணக்கமும் இல்லை, சுகம் விசாரிப்பும் இல்லை. ஒரு வரிசையில் எழுத்துகள் மட்டும், மாட்டுக்கு ஒன்றாய். ஏன் அப்படி எழுதுகிறா என்று எனக்குத் தெரியும். அதை நான் வாசிக்காமல் மேலே வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. தபால்பெட்டிக்கு முன்னாலேயே நின்று, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்து முடிப்பேன்.

இந்த முறை R, R, O, R என்று வந்து, கடைசிக்கு முந்தினதாக ஒரு U இருந்தது. அவவின் பண்ணையில் இதற்கு முன் U வந்ததில்லை. மாடிவீட்டுப் படியில் இறங்கிவந்த பக்கத்து வீட்டுப் பெடியன், "என்ன அன்ரி, நல்ல செய்தியோ?" என்று கேட்டான்.

"ஓம்," என்றேன். "நல்ல நாம்பன்."